இழவு வீட்டு வாசலில் என் மகள்

காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்குத்தான் எல்லாம் கெட ஆரம்பித்தது. நேரம் சரியாக நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சரின் கணவர் அன்று விடியற்காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் சாய்ந்து இறந்துபோயிருந்தார். வெளியூர் உறவினர்களுக்குத் தந்தி கொடுக்க வேண்டும். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் பந்தலின் ஓரத்தில் ஒரு பெஞ்சில் என்னை உட்கார வைத்து விலாசங்களை எழுதச் சொன்னார்கள். கடைசி விலாசத்தையும் எழுதி, தபாலாபீஸுக்குப் போகிறவரிடம் காகிதத்தைக் கொடுக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபது. பிறகு சுவரோரம் திரும்பிப் பார்த்தேன். அங்கே உட்காரச் சொல்லியிருந்த என் மகளைக் காணவில்லை.

அவளுக்கு அப்போது எட்டு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. மனைவி விடிந்ததுமே பெண்களோடு உள்ளே போய்விட்டாள். மகளை வீட்டில் தனியாக விட முடியாது என்பதால்தான் கூட அழைத்து வந்தேன்.

தேட எழுந்தபோதே அவள் குரல் கேட்டுவிட்டது. பந்தலின் முகப்பில், ஆட்கள் நுழைகிற இடத்தில், இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு பல் தெரியச் சிரித்தபடி நின்றாள். மொரப்பூர் பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதபடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"வாங்க, வாங்க. நல்லா இருக்கீங்களா? உள்ள வந்து உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

ஒரு சொல் பிசகவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே வந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் யாரையும் "வாங்க" என்று சொல்வதில்லை. வீட்டு ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். வந்தவர் அதைத் தொட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் உட்காருவார். புறப்படும்போதும் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. இதை யாரும் யாரையும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்ததில்லை. ஐந்து வயதுப் பிள்ளை கூட அழுகையைக் கேட்டதும் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். என் மகளுக்கு அது தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூன்று வயது வரை அவள் பேசவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் சமையலறையில் பித்தளை மூடியைத் தரையில் சுற்றிவிடும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். மூடி சுற்றி ஓயும்வரை அசையாமல் பார்ப்பாள். தாயத்து கட்டினோம். மந்திரித்தோம். நாக்கில் வசம்பு தேய்த்தோம். "ஊமச்சி இல்லீங்க, திமிரு" என்றார் ஒருவர். தருமபுரி டாக்டர் ஒருவர்தான் கடைசியில், இங்கே வைத்துக்கொண்டிருக்காதீர்கள் என்று சொல்லிப் பெங்களூருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பெங்களூர் டாக்டர் ஒரு மணி நேரம் அவளைப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். எனக்கு அந்தச் சொல் புதிது. வீட்டில் இருந்த அகராதியில் இல்லை. "காது நல்லா கேக்குது. மூளை இருக்கு. மத்த மனுஷங்க என்ன நினைக்கிறாங்க, எதுக்குச் சிரிக்கிறாங்க, எதுக்கு அழறாங்க, அது இவளுக்குத் தானா பிடிபடாது. நமக்குப் பிடிபடுற மாதிரி" என்று சொல்லி, மாடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் அனுப்பினார்.

அந்த அம்மாவுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கன்னடக்காரர். தமிழ் பேச வரும், எழுதத்தான் தடுமாறுவார். மாதம் ஒரு முறை போனோம். மொரப்பூரில் ரயிலேறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, பெங்களூர் வண்டிக்குக் காத்திருந்து, போய்ச் சேரும்போது பிள்ளை துவண்டிருப்பாள். நானும்தான். அங்கே நடப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். இதற்கா இத்தனை தூரம்! அந்த அம்மா தரையில் உட்கார்ந்து ஒரு பந்தை உருட்டுவார். திரும்ப உருட்டும்வரை பேசாமல் காத்திருப்பார். பத்து நிமிடம் ஆனாலும் காத்திருப்பார். பிறகு படங்கள். அழுகிற குழந்தையின் படத்தைக் காட்டி, "இந்தப் பாப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்பார். என் மகள் உற்றுப் பார்த்துவிட்டு, "பட்டன்" என்பாள். குழந்தையின் சட்டையில் பட்டன் இருக்கும்.

"நோடி, பாருங்க சார்," என்பார் என்னிடம். "அவ தப்புச் சொல்லலை. அங்க பட்டன் இருக்கு. ஆனா நாம மூஞ்சிய பாக்கறோம், அவ பட்டனை பாக்கறா. அதனால வீட்டுக்கு யாரு வந்தாலும், வந்தவங்க மூஞ்சிய பாக்கச் சொல்லுங்க. சந்தோஷமா, கோவமா, அழுகையா. அது போதும். வார்த்தை பின்னாடி வரட்டும்."

நான் தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள் ஒப்பவில்லை. பதினெட்டு வருஷம் நடுநிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். பதினாறாம் வாய்ப்பாடு வராது என்று அழுத பிள்ளைகளையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தே தேற்றியிருக்கிறேன். அர்த்தம் பிறகு வரும், முதலில் வாயில் ஏறட்டும் என்பது என் கட்சி.

தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாடம். நான் வெளியே போய்க் கதவைத் தட்டுவேன். அவள் கை கூப்ப வேண்டும், சிரிக்க வேண்டும், நான்கு வாக்கியங்களையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒன்று விட்டுப்போனால் ஸ்கேலால் நிலைக்கதவில் ஒரு தட்டு. அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் மறுபடியும் வெளியே போவேன்.

மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள். "இன்னிக்கு இது பத்தாவது வாட்டிங்க விருந்தாடி வர்றது. ஒரு வாட்டியாச்சும் ஒரு சீப்பு பழம் வாங்கிட்டு வந்தா என்னா?"

"நீ சும்மா இரு. அவ இப்ப மூணு வாக்கியம் சொல்றா."

"யாருகிட்ட சொல்றா? கதவுகிட்டதான சொல்றா."

அவள் சொன்னது எனக்கு அப்போது கேலியாகத்தான் பட்டது.

ஐந்து மாதம் ஆயிற்று. ஒருநாள் டீச்சர் எங்களிடம் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு அவருடையது. கதவைத் தட்டியதும் என் மகள் போய்த் திறந்து, கைகூப்பி, சிரித்து, நான்கு வாக்கியத்தையும் சொன்னாள். டீச்சர் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடடா! யாரு சொன்னா இவளுக்குப் பேச்சு வராதுன்னு?"

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அதற்கு முன் இரண்டு முறை அவளைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டீச்சர்தான் போய்ப் பேசினார். "எங் கிளாஸ்ல உக்காரட்டும் சார். நான் பாத்துக்கறேன்." "ஏதாச்சும் ஒண்ணு ஆனா நீங்கதான் பதில் சொல்லணும், டீச்சர்" என்று அவர் ஒத்துக்கொண்டார். ரிஜிஸ்டரில் பேரெழுதவில்லை. பார்த்துவிட்டு எழுதலாம் என்றார். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் எட்டு வயதுக்காரி போய் உட்கார்ந்தாள். ஐந்து வாரம் உட்கார்ந்தாள். வேறு எந்தப் பள்ளியும் எடுக்காது, வேறு எந்த டீச்சரும் எடுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த இடம் போனால் அவளுக்கு எங்கள் வீட்டுச் சுவர்தான்.

பெங்களூரில் இதைப் பெருமையாகச் சொன்னேன். பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "யாருக்குச் சொல்றா, சார்?"

"எல்லாருக்கும் சொல்றாளுங்க."

"எல்லாருக்குமா?" என்றார். வீட்டுப்பாட நோட்டில் "முகம்" என்று மட்டும் தமிழில், கோணலாக எழுதிக் கொடுத்தார். நான் நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

அந்தப் பெருமையோடு இருந்தபோதுதான் பந்தலின் முகப்பில் அவள் குரலைக் கேட்டேன்.

அழுதுகொண்டு வந்த பெண்களில் முன்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒப்பாரி பாதியில் அறுந்தது. பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். இறந்தவரின் அண்ணன் பெஞ்சிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யாரு வூட்டுப் புள்ள இது?"

"வாத்தியார் வூட்டுதுங்க. அது ஒரு மாதிரிங்க."

தப்பட்டை காய்ச்ச நெருப்பு மூட்டிக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு இளவட்டங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். "தண்ணி மட்டுந்தானா பாப்பா? காப்பி இல்லியா?"

அவள் அதற்கும் சிரித்தாள். சிரிப்பதும் பாடத்தில் உண்டு.

நான் ஓடினேன். கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அவளை நான் அடித்தது அதுதான் முதல் தடவை.

சரியாக அந்த நேரத்தில் டீச்சரை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்கள், பிணத்தின் தலைமாட்டில் உட்கார வைக்க. என் மகள் என்னைப் பார்த்தாள். கன்னத்தில் என் விரல்கள் சிவந்து கிடந்தன. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். தட்டு விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அது அவளுக்குத் தெரியும். கைகளைக் கூப்பினாள். முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தாள். எதிரில் நின்ற டீச்சரைப் பார்த்து, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

"வாங்க, வாங்க. நல்லா இருக்கீங்களா?"

டீச்சர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் தெரியவில்லை. மனிதர்களின் முகம் படிக்கத் தெரிந்தவன் என்று என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்தான் கத்தினார். "ஏய்யா வாத்தியாரே, எழவு வூடுன்னு தெரியாது? புள்ளைய வளக்கத் தெரியலைன்னா வூட்டுல கட்டிப் போடு!"

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சுடுகாட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் மனைவி வந்து, தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"யாரு?"

"டீச்சர்."

"அவங்க புருஷன எரிக்கக் குடுத்துட்டு உக்காந்திருக்காங்க. உங்களப் பத்தியா பேசுவாங்க?" என்றாள். தலையைத் துவட்டிக்கொண்டே, "நீங்க அடிச்சது அங்க உள்ள வரைக்கும் கேட்டுது" என்றாள்.

மறுநாளிலிருந்து என் மகள் பேசவில்லை. கஷ்டப்பட்டுச் சேர்த்து வைத்திருந்த சொற்கள், பட்டன் உட்பட, ஒன்றும் வரவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். பித்தளை மூடியைச் சுற்றிக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கு நானே போனேன். தலைமை ஆசிரியர் உட்காரச் சொல்லவில்லை.

"டீச்சரோட மச்சாண்டார், இறந்தவரோட அண்ணன், வந்து சத்தம் போட்டுட்டுப் போறாரு சார். நான் என்ன பண்ணட்டும்? அவங்க லீவு முடிஞ்சு வரட்டும். வச்சுக்கறேன்னு சொன்னா வச்சுக்கட்டும். வேணாம்னா, உங்களுக்கு டி.சி. வாங்கற அலைச்சல்கூட இல்ல. பேரே எழுதலியே."

ஆக எல்லாம் டீச்சரின் ஒரு சொல்லில் இருந்தது. அவரோ காரியம் முடியும்வரை வெளியே வரக் கூடாது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். அங்கே பாத்திரம் விழும் சத்தம்கூடக் கேட்கும். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று தினமும் நினைப்பேன். துக்கத்தில் இருப்பவரிடம் போய் என் பிள்ளையின் இடத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? பேசாமல் இருந்தால் அதுவும் திமிராகத் தெரியாதா? செருப்பைப் போடுவேன், கழற்றுவேன். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். "சார், ஈவு எழுதல" என்று பிள்ளைகள் ஞாபகப்படுத்துவார்கள்.

அந்த நாட்களின் நடுவில் பெங்களூர் போகும் நாளும் வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். மனைவி விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேலையும் சொன்னேன். பயிற்சி கொடுக்கும் அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழவு வீட்டில வாங்க சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க, சார்?"

"யாரும் சொல்லலைங்க. பாத்தே தெரியும்."

"எதைப் பாத்து?"

யோசித்தேன். "அழுகைய. ஆளுங்க நிக்கற விதத்த. யாரும் யாரு கண்ணையும் பாக்காம இருக்கறத."

"அதைத்தான் நான் இந்தக் குழந்தைக்கு ஒவ்வொண்ணா காட்டணும்ங்கறேன். உங்களுக்கு இனாமா வந்தது, இவளுக்கு வேலை செஞ்சு வாங்கணும். நீங்க பதில மட்டும் மனப்பாடம் பண்ண வச்சுட்டீங்க. கேள்வி என்னான்னு அவளுக்குத் தெரியாது." கணக்கு வாத்தியாரிடம் இப்படிச் சொன்னால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலும். "பேச்சு வரும். பயப்படாதீங்க. இப்ப பேசச் சொல்லாதீங்க. திரும்பிப் போறப்போ ஸ்டேஷன்ல ஒரு மணி நேரம் உக்காருங்க. யாரு ஊருக்குப் போறாங்க, யாரு அனுப்ப வந்தாங்க, அதை மட்டும் அவளுக்குக் காட்டுங்க. நீங்களே சொல்லுங்க. அவ சொல்ல வேணாம்."

மொரப்பூரில் இறங்கியதும் பஸ்ஸுக்கு ஓடாமல் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. வாய்க்குள்ளேயே சொல்வது போலச் சொன்னேன். "அந்த அக்கா ஊருக்குப் போறாங்க. அந்தத் தாத்தா போகல. அனுப்ப வந்திருக்காரு. அவரு மூஞ்சியப் பாரு." அவள் அவருடைய குடையைப் பார்த்தாள். அடுத்த வண்டி வந்தது. ஜன்னலோரம் ஒரு பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழே நின்றவள் அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள், அம்மாவாக இருக்கும். "அவங்களுக்கு அழுகையா வருது" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வண்டி நகர்ந்து போகும்வரை என் மகள் அந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். முகத்தைத்தான் பார்த்தாளா, மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாளா, சத்தியம் செய்ய என்னால் முடியாது.

காரியத்துக்கு மனைவி மட்டும் போய்விட்டு வந்தாள். டீச்சர் அவளிடம் ஒன்றும் பேசவில்லையாம். அண்ணன் இருந்தாராம். அன்றிரவு முழுக்க நாங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்றுதான். டீச்சர் லீவு முடிந்து வரும் திங்கட்கிழமை பள்ளிக்கு அவளைக் குளிப்பாட்டிச் சீவி அழைத்துப் போவதா, வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணி இருக்கும். பின்பக்கம் வேலிப் படல் நகரும் சத்தம் கேட்டது. டீச்சர் தனியாக வந்து எங்கள் கிணற்றடியில் நின்றார். பாதி உடம்பாகிவிட்டிருந்தார். நெற்றியில் ஒன்றும் இல்லை. மனைவி உள்ளே அழைக்க வாயெடுத்து, அழைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. என் மகள் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து மூடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடவில்லை.

"இங்கயே நிக்கறேங்க," என்றார் டீச்சர். "மூணு மாசத்துக்கு யாரு வூட்டுக்குள்ளயும் போகக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. இங்க வந்தது தெரிஞ்சாலே மச்சாண்டார் கத்துவாரு."

"டீச்சர், அன்னிக்கு நடந்ததுக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோவம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன் சார். இருக்குது. எம் புருஷன் கெடக்கறாரு, என்னப் பாத்து ஒரு புள்ள சிரிச்சுக்கிட்டு நல்லா இருக்கீங்களாங்குது. கண்ண மூடுனா அதான் வருது. ஆனா அவ மேல கோவம் இல்ல. உங்க மேலதான். அடி வாங்கிட்டு மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சா பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது எப்படிச் சொல்லிக்குடுத்ததுன்னு. நானுந்தான சார் வாத்தியார் வேல பாக்கறேன்."

மனைவி தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். டீச்சர் என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போறேன். நாப்பது புள்ளைங்களும் எந் நெத்தியத்தான் பாக்கும். இவ ஒருத்தி பாக்க மாட்டா. அனுப்பி வைங்க, பேர நானே எழுதிக்கறேன்."